டப்பாவில் வைத்த சாட்சி

என் தம்பி மனைவிக்குத் தொழிற்சாலையில் எல்லோரும் சொல்லும் பெயர் கடிகாரம். அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். நாத்தனார் என்ற உரிமையில் வீட்டில் ஒருமுறை சொன்னேன், அது எப்படியோ பஸ் ஏறி வேலைக்கும் வந்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. நேரம் பார்ப்பது தப்பா அண்ணி என்று கேட்டதோடு சரி.

நேரம் பார்ப்பது தப்பில்லை. ஆனால் இவள் பார்ப்பது வேறு வகை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை வந்துவிட்டு, "கேஸை மூடினேனா?" என்று திரும்பி ஓடுவாள். என் தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஒரு நாளைக்கு நாற்பது மாடி ஏறி இறங்குகிறவன், இவளுக்காக நாற்பத்தொன்றாவது முறையும் மாடியேறிப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவான். அது என்றைக்குமே மூடித்தான் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்.

எட்டு வருஷத்துக்கு முன்பு அவளை வேலைக்குக் கூட்டிப் போனதும் நான்தான். முதலில் என்னோடு பேக்கிங்கில்தான் போட்டார்கள். அங்கே அவள் ஒட்டிய பெட்டியைப் பிரித்துத் திரும்ப எண்ணுவாள். நாளொன்றுக்கு இருபது பெட்டியாவது வீணாகும். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு, "இந்தப் பயத்துக்குச் சம்பளம் குடுக்கற எடம் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிப் பூச்சு அறைக்கு அனுப்பினார். அவர் வாழ்நாளில் எடுத்த ஒரே நல்ல முடிவு அது.

நாங்கள் செய்வது மருத்துவமனைக்குப் போகும் குழாய். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு ரத்தத்தைச் சுத்திகரிக்கக் கழுத்து ரத்த நாளம் வழியாகச் செருகி, வாரக்கணக்கில் உள்ளேயே விட்டுவைப்பார்கள். வெறும் குழாயை அப்படி விட்டால் ரத்தம் அதன்மேல் கட்டிக்கொள்ளும், குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் மேலே ஒரு பூச்சு வேண்டும். தூரிகையால் பூசுவது என்று நினைக்காதீர்கள். காற்றை உறிஞ்சிய சேம்பருக்குள் குழாய்களை அடுக்கி, ஒரு பொடியைச் சூடாக்கி ஆவியாக்கி உள்ளே விடுவார்கள். அந்த ஆவி குழாயின் எல்லா இடுக்கிலும் போய்ப் படிந்து பாலிமர் என்னும் மெல்லிய படலமாக மாறிவிடும். கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது.

அவள் எனக்கு விளக்கியது இப்படி: அந்தப் படலம் முழுக்கக் கைகள் நீட்டிக்கொண்டு இருக்கின்றன. முதலில் யார் வந்தாலும் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் விடாது. நாம் உடனே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தில் முக்கினால் மருந்தைப் பிடிக்கும். தாமதமானால் காற்றில் இருக்கிற ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் மருந்தில் முக்கினாலும் பிடிக்கக் கை மிச்சம் இருக்காது. சேம்பரைத் திறந்து நாற்பது நிமிஷத்துக்குள் முக்கியாக வேண்டும் என்பது விதி. கடிகாரத்துக்கு ஏற்ற வேலை.

இதில் பெரிய தொல்லை, நல்ல குழாயும் கெட்ட குழாயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எடையும் ஒன்று, வழவழப்பும் ஒன்று. மருந்து பிடித்ததா என்று தெரிய ஒரு நீலச் சாயம் உண்டு. மருந்து இருந்தால் குழாய் ஊதா நிறமாகும், இல்லாவிட்டால் சாயம் கழுவிக்கொண்டு போய்விடும். ஆனால் சாயம் போட்ட குழாயை யாருக்கும் விற்க முடியாது. அதனால் ஒவ்வொரு ட்ரேயிலும் அதே குழாயில் வெட்டிய இரண்டு அங்குலத் துண்டு ஒன்றைத் தொங்கவிடுவார்கள். எல்லாக் குழாயோடும் சேர்ந்து அதுவும் பூச்சு வாங்கும், மருந்தில் முங்கும், கடைசியில் அது மட்டும் சாயத்துக்குப் போகும். அதற்குப் பெயர் சாட்சி. சாட்சி ஊதாவானால் ட்ரே மொத்தமும் பாஸ்.

இந்தச் சாட்சித் துண்டு அடிக்கடி கழன்று விழுந்துவிடும். ஒருமுறை விழுந்தது தொலைந்தே போய், சாட்சி இல்லை என்று அறுபது குழாயைக் குப்பையில் போட்டார்கள். இவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தாள். சேம்பரைத் திறந்ததும் சாட்சியை மட்டும் கழற்றி, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட ஒரு டப்பாவில் வைத்து மூடிவிடுவாள். ட்ரே தொட்டிக்குப் போகும்போது வெளியே எடுத்து அதையும் முக்குவாள். தொலையாது, அழுக்குப் படாது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். மற்ற ஷிப்டுகளும் டப்பா வாங்கிக்கொண்டன. அவள் வீட்டுக்கு வந்து என் தம்பியிடம் மூன்று முறை சொன்னாளாம், எனக்கு இரண்டு முறை சொன்னாள்.

நாலு மாதம் கழித்து, சாப்பாட்டு அறையில் நானும் அவளும் டீயோடு உட்கார்ந்திருந்தோம். வெளியே விடாத மழை. நான் காலையில் தட்டில் எடுத்து வைத்த பிஸ்கட் நமுத்துப் போயிருந்தது. டப்பாவில் இருந்து வேறு எடுத்துக் கடித்தேன், மொறுமொறுவென்று இருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"உன் சாட்சி கதையும் இதுதானேடி" என்றேன். "டப்பால இருக்கற பிஸ்கட்டத் தின்னு பாத்துட்டு, தட்டுல இருக்கறதும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றது."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தாள். அது சரியாக வைக்கப்படாமல் சாய்ந்து, டீ என் மடியில் கொட்டியது. அவளுக்கு அதுகூடத் தெரியவில்லை.

"அண்ணி, ட்ரே வெளில காத்துட்டு இருந்தா, சாட்சி டப்பாக்குள்ள இருக்கு" என்றாள்.

"அதத்தானே நானும் சொன்னேன்."

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு மழை வந்துதே. ட்ரையர் வேலை செய்யல."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பூச்சு அறையில் காற்றின் ஈரத்தை உறிஞ்ச ஒரு ட்ரையர் உண்டு. ஈரம் முப்பது சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அன்றைக்கு அது ஐம்பத்தெட்டு காட்டியது. இவள் போய்ச் சொன்னாள். சூப்பர்வைசர், "ஓட்டும்மா, எப்படியும் சாட்சி சொல்லிடுமே" என்றார். மருந்துத் தொட்டி வேறு இன்னும் நிரம்பி முடியவில்லை. நாலு ட்ரே, இருநூற்று நாற்பது குழாய், முப்பத்தெட்டு நிமிஷம் அந்த ஈரக் காற்றில் நின்றன. நாற்பதுக்குள் முக்கியாயிற்று, விதி மீறவில்லை. நாலு சாட்சியும் பளிச்சென்று ஊதா. கையெழுத்துப் போட்டவள் அவள். பெட்டியில் அடுக்கி ஒட்டி அனுப்பியவள் நான்.

அந்த நாற்பது நிமிஷக் கணக்கே உலர்ந்த காற்றுக்குப் போட்டது. ஈரக் காற்றில் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டிய சாட்சியை டப்பாவில் போட்டு மூடியாயிற்று.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே வெங்காயத்தை வைத்துக்கொண்டு வெட்டிக்கொண்டே இருந்தாள், அது கூழாகிவிட்டது. நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அவளை வாயை மூடச் சொன்னேன்.

"எதுவும் ஆயிருக்காது. ஆயிருந்தா இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். நீயா போயி மாட்டிக்காத."

"யார் கழுத்துலயோ இருக்கு அண்ணி."

"நல்ல குழாயாவும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம். அதான் தெரியலயே."

என் தம்பி அவளைத் தடுக்கவில்லை, அவள் கையிலிருந்து கத்தியை மட்டும் வாங்கி வைத்தான். எனக்கு அவன்மேலும் ஆத்திரம் வந்தது. அப்படிச் சும்மா நிற்கிறவனை நான் வளர்த்தேனே என்று இருந்தது. உண்மையில் பயம்தான். அவள் வாயைத் திறந்தால் அவள் வேலையும் போகும், பெட்டி கட்டிய என் தலையும் உருளும் என்று பயந்தேன். அந்தக் குழாய் போன கழுத்தைப் பற்றி அன்றைக்கு நான் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

மூன்று நாள் அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. பஸ்ஸில் யாராவது கழுத்தில் துண்டு சுற்றியிருந்தால் அவர்களையே பார்ப்பாள். ஒருவர் திரும்பி, "என்னம்மா வேணும்?" என்று கேட்டேவிட்டார். அவள் இறங்கி அடுத்த பஸ்ஸில் வந்தாள். வேலையில் ஒரு ட்ரேயைத் தட்டிவிட்டாள். ஆனால் ஒன்று கவனித்தேன், வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கவே இல்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவை. எனக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

நாலாம் நாள் காலையில் என்னிடம் சொல்லாமல், தரம் பார்க்கும் குவாலிட்டி மேடத்திடம் போய்விட்டாள். ஒரே தடவையில் பூச்சு வாங்கிய குழாய்களை ஒரு லாட் என்போம், ஒவ்வொரு லாட்டிலும் ஐந்து குழாயை எடுத்து அவர் அலமாரியில் பூட்டி வைத்திருப்பார். அதைத் திறக்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காரணம் என்ற கட்டத்தில், "சாட்சியைத் தனியாக உலர் டப்பாவில் வைத்தேன். குழாய்கள் ஈரக் காற்றில் இருந்தன. சாட்சி சொன்னதை நம்ப முடியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். மேடம் அதை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அப்புறம் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அந்த லாட்டின் பெட்டிக் கணக்கோடு என்னையும் வரச் சொன்னார்.

ஐந்து குழாயையும் சாயத்தில் போட்டார்கள். பத்து நிமிஷம். இவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன். மேடம் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினார். முதல் குழாயில் இருந்த நீலம் தண்ணீரோடு போய்விட்டது. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவதும் வெள்ளை. நாலாவதில் ஒரு முனை மட்டும் திட்டுத்திட்டாக ஊதா. ஐந்தாவது வெள்ளை.

முதலில் தெளிந்தவர் சூப்பர்வைசர்.

"மேடம், இது ரெண்டு மாசம் அலமாரில கெடந்த குழாய். மருந்து தானா போயிருக்கலாம். சாட்சி பாஸ்னு எழுதியே இருக்கு. அனுப்பும்போது நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றவர், இவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, அப்படித்தானே?"

நான் அவளைப் பார்த்தேன். தலையை ஆட்டிவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். தலையை ஆட்டினால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

"பக்கத்து லாட்டையும் போட்டுப் பாருங்க சார்" என்றாள். குரல் ஏதோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "அதுவும் அதே அலமாரிலதான் ரெண்டு மாசமா இருக்கு."

மேடம் பக்கத்து லாட்டின் ஐந்தையும் போட்டார். ஐந்தும் கத்தரிக்காய் மாதிரி ஊதாவாக வந்தன. சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்தார். பாவம், அவர் கெட்டவர் இல்லை, என்னை மாதிரிதான்.

அன்றைக்கே எல்லா மருத்துவமனைக்கும் கடிதம் போனது. இருநூற்று நாலு குழாய் பிரிக்காத பெட்டியோடு திரும்பி வந்தது. மீதி முப்பத்தொன்று மனிதர்களுக்குள் போயிருந்தது. நாலு மாதத்து லாட் எல்லாவற்றையும் மேடம் சாயத்தில் போட்டுப் பார்த்தார். வேறு எதுவும் கெடவில்லை, மழை நாள் லாட் ஒன்றுதான். ஆனால் அந்த முப்பத்தொன்றுக்குப் பதில் வரும் வரை இவள் மனுஷியாகவே இல்லை. ஒரு சின்ன நோட்டில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எழுதி வைத்துக்கொண்டு, பதில் வர வரக் கோடு கிழித்தாள். பத்தொன்பது பேருக்குத் தேவை முடிந்து எப்போதோ எடுத்தாயிற்று, ஒரு தொந்தரவும் இல்லை. பதினோரு பேருக்கு உடனே வேறு குழாய் மாற்றினார்கள், அவர்களும் நலம். முப்பதுக்குக் கோடு விழுந்துவிட்டது.

ஒன்று மட்டும் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். "ஒருத்தர்தானேடி" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. எட்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் மேடத்தின் அறைக்குத் தொலைபேசி வந்தது. திரும்பி வந்த பெட்டிகளை ஒப்படைக்க நான் அங்கேதான் இருந்தேன். மேடம் இவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார். பேசியது ஒரு நர்ஸ்.

"நீங்கதான் இந்தக் குழாய்க்குப் பூச்சு போடறவங்களா?"

"ஆமாங்க." மேசைக்குக் கீழே நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பனிக்கட்டியாக இருந்தது. "அவர் எப்படி இருக்கார்?"

"இருக்கார். நாலாம் நாளே அடைச்சுக்கிச்சு. எடுத்துட்டு வேற போட்டோம். ஒரு மாசம் ஆச்சு, இப்ப நல்லா இருக்கார்."

இவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஆனால் நர்ஸ் முடிக்கவில்லை.

"ஒரு சின்ன விஷயம். அன்னிக்கு அடைச்சுக்கிட்டப்ப, இவர்தான் தூக்கத்துல கழுத்தத் திருப்பிக் குழாய மடக்கிட்டார்னு நெனச்சேன். நல்லா திட்டிட்டேன். அன்னிலேர்ந்து மனுஷன் கழுத்தையே திருப்பறதில்ல. டயாலிசிஸுக்கு வந்து படுத்தா கூரையைப் பாத்தபடியே இருக்கார். வீட்லயும் அப்படித்தானாம். அவர் சம்சாரம் பேசணும்னா எழுந்து முன்னாடி வந்து நிக்கணும். உங்க லெட்டர் வந்ததும் சொன்னேன், நம்பல. சமாதானத்துக்குச் சொல்றேன்கறார். நீங்களே சொல்றீங்களா? பக்கத்துலதான் இருக்கார், சம்சாரமும் கூட இருக்காங்க."

பிறகு வயதான ஆண் குரல், ஒரே இடத்தைப் பார்த்துப் பேசுகிற மாதிரி.

"அம்மா, நான் அசையவே இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சு அசையல. தூக்கத்துல ஏதாவது..."

"நீங்க ஒண்ணும் பண்ணல ஐயா" என்றாள் இவள். "குழாய்ல மருந்தே இல்ல. நான்தான் சரியாப் பாக்கல. நீங்க எப்படிப் படுத்திருந்தாலும் அது அடைச்சிருக்கும். தப்பு என்னோடது."

திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப இப்ப திரும்பலாமாம்மா?" என்று கேட்டார்.

எவளாக இருந்தாலும் உடனே திரும்புங்கள் என்று சொல்லியிருப்பாள். நான் சொல்லியிருப்பேன். இவள், "ஒரு நிமிஷம் இருங்கய்யா" என்றாள். நர்ஸிடம் இப்போது போட்டிருக்கும் குழாயின் லாட் எண்ணைக் கேட்டாள். நர்ஸ் தேடிப் படித்தார். இவள் திரும்பப் படிக்கச் சொன்னாள். மேடம் பதிவேட்டைத் தள்ளினார். இவள் விரலை வைத்து வரிவரியாக இறங்கி அந்த எண்ணில் நிறுத்தினாள். காற்றில் ஈரம் இருபத்திரண்டு. போன வாரம் சாயத்தில் போட்ட ஐந்தும் ஊதா.

"நல்ல குழாய் ஐயா. நானே பாத்துட்டேன்" என்றாள். "நர்ஸம்மா, அவர் திரும்பலாம் இல்லீங்களா?"

"அதத்தானே நானும் ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன்."

தலையணை உரசும் சத்தம் கேட்டது. மெதுவாக, நின்று நின்று, வெகு நேரம் கேட்டது. அப்புறம் அவர் யாரிடமோ, "இங்கதான் உக்காந்திருக்கியா?" என்று சொன்னார்.